மூன்றாம் வாரம்தான் கவனம்: கர்ப்பப்பை இறக்க ஆபரேஷனுக்குப் பின்

கர்ப்பப்பை இறக்கத்துக்கு யோனி வழியாக ஆபரேஷன் முடித்து வீடு திரும்பும் பெண்ணின் வயிற்றில் ஒரு கீறல்கூட இருக்காது. ஐந்தாம் நாள் நடமாடுவார். பத்தாம் நாள் அடுப்படியில் நிற்பார். "அதான் நல்லா நடக்கிறாளே" என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். சிசேரியன் தழும்புக்குக் கிடைக்கிற மரியாதை, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தையலுக்குக் கிடைப்பதில்லை. அதனால் அந்தத் தையலிலிருந்தே தொடங்குகிறேன்.

உள்ளே போடுவதில் பெரும்பகுதி தானாகக் கரையும் நூல். அதிகம் புழங்கும் பாலிகிளாக்டின் நூல் இரண்டு வாரம் கழித்துத் தன் பலத்தில் சுமார் 75 சதவீதத்தோடு இருக்கும். மூன்றாவது வாரத்தில் பாதி, நான்காவது வாரத்தில் கால்வாசி. 56 முதல் 70 நாளுக்குள் முழுதாகக் கரைந்துவிடும். யோனியின் உச்சியைத் தூக்கிக் கட்டும் இடத்தில் மட்டும் மெதுவாகக் கரையும் நூலோ கரையாத நூலோ போடுவது உண்டு. இனி சதையின் பக்கம் பார்ப்போம். ஆறிய காயம் மூன்று மாதத்தில்தான் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதத்தை எட்டும். முழு நூறு வருவதில்லை. அப்படியானால் மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் நடுவில் நூல் தளர்ந்திருக்கும், சதையும் இன்னும் தேறியிருக்காது. வலி அடங்கி, பசி எடுத்து, "இனி நானே பார்த்துக்கறேன்" என்று தோன்றுவதும் இதே நாட்களில்தான்.

எது, எங்கே இறங்குகிறது

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, தொட்டில் கட்டியது போல் தசைகள் விரிந்திருக்கின்றன. முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் என்று மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கர்ப்பப்பையை மேலே பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் நார்க்கட்டுகள் தனி. பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், தொட்டிலின் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடுவது உண்டு. அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை தாங்கி நின்றதும் தளர்கிறது. தீராத இருமல், வருடக்கணக்கான மலச்சிக்கல், பாரம் தூக்கும் வேலை எல்லாம் மேலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை பிதுங்கும். சிறுநீர் முழுதாக இறங்காது, விரலால் மேலே தள்ளிவிட்டுப் போகவேண்டியிருக்கும். பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் பிதுங்கும். பின்வாசலுக்கு முன்னால் கைவைத்து அழுத்தினால்தான் மோஷன் போகும். நடு உச்சி தளர்ந்தால் கர்ப்பப்பை இறங்கும். பெரும்பாலோருக்கு ஒன்றோடு இன்னொன்றும் சேர்ந்தே இருக்கும். காலையில் எழுந்தவுடன் ஒன்றும் தெரியாது. மாலையில் "கீழே ஏதோ வந்து நிற்கிற மாதிரி" இருக்கும். படுத்தால் குறையும்.

டாக்டர்கள் அளவெடுப்பது யோனி வாசலை வைத்து. வாசலுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொடங்கி ஒரு சென்டிமீட்டர் வெளியே வரை இருந்தால் இரண்டாம் நிலை. அதைத் தாண்டினால் மூன்றாவது. முழுதாக வெளியே புரண்டு வந்தால் நான்காவது. வெளியே தொங்கும் சதை துணியில் உரசிப் புண்ணாகும். புண்ணோடு ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அதை உள்ளே தள்ளி, அக்ரிஃபிளேவின் கிளிசரின் நனைத்த துணியோ ஈஸ்ட்ரோஜன் கிரீமோ வைத்து ஆற்றிய பிறகுதான் தேதி தருவார்கள். ஆறாத புண் என்றால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். பழந்துணியை உருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சமாளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், புண்ணும் தொற்றும் அதில்தான் வருகின்றன.

ஆபரேஷன் இல்லாமல்

முதல் இரண்டு நிலைகளில் தொந்தரவு இருந்தால் முதலில் தசைப் பயிற்சிதான். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019ல் தந்த வழிகாட்டுதல், பயிற்சி தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரம் செய்யச் சொல்கிறது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை அடக்குவது போலவும் ஒன்றாக இறுக்கி, மேலே இழுக்க வேண்டும். பத்து நொடி பிடித்து விடுவது பத்து முறை. சட்டென்று இறுக்கி விடுவது பத்து முறை. இப்படி நாளைக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் மூன்று நொடிதான் பிடிக்க முடிகிறதென்றால் அதிலிருந்தே ஏறலாம். மூச்சை அடக்கினாலோ வயிற்றைத் தள்ளினாலோ பயிற்சி தலைகீழாகி, இறங்கியதை இன்னும் கீழே தள்ளும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான் என்பது என் கணிப்பு; ஒரே ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் கைவைத்துப் பார்த்துச் சொன்னால் பெரிய வித்தியாசம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக்கூடாது. பையைக் காலி செய்யும் பழக்கமே கெடும்.

ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும், இதயம் நுரையீரல் காரணமாக மயக்கமருந்து கொடுக்க முடியாதவர்களுக்கும் ரிங் பெஸ்ஸரி இருக்கிறது. யோனிக்குள் மாட்டி, இறங்கியதைத் தாங்கவைக்கும் சிலிக்கான் அல்லது பிவிசி வளையம். சரியான அளவென்றால் வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும், உள்ளே இருப்பதே தெரியாது. மாட்டியவுடன் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே இருமி, நடந்து, குந்தி எழுந்து, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிறியது என்றால் கழிப்பறையில் விழுந்துவிடும். பெரியது என்றால் வலிக்கும், சிறுநீர் நிற்கும். தானாகக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவி மாட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது நல்ல துணை. முடியாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பாட்டிக்கு ரிங் வைத்ததை வீடே மறந்துபோய், பல வருடம் கழித்து அது சதைக்குள் புதைந்த நிலையில் வருவது பெண்நல மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. அடுத்த பரிசோதனை தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

"எடுத்துட்டா சரியாயிடும்" என்பதில் உள்ள ஓட்டை

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இறக்கம் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். இறங்கியது கர்ப்பப்பைதான், ஆனால் அறுந்தது அதைப் பிடித்திருந்த கட்டு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டைச் சரிசெய்யாமல் விட்டால், சில வருடத்தில் யோனியின் உச்சியே உள்ளுறை புரள்வது போல் இறங்கி வரும். அதனால் ஆபரேஷனுக்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "உச்சியை எதோடு சேர்த்துக் கட்டப் போகிறீர்கள், டாக்டர்?" கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள நார்க்கட்டோடு சேர்த்துத் தைப்பது ஒரு முறை. இடுப்பெலும்பிலுள்ள சேக்ரோஸ்பைனஸ் நாரோடு கட்டுவது இன்னொன்று. வயிற்று வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ ஒரு வலைத்துண்டை வைத்து முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்போடு கட்டுவது மூன்றாவது.

வலை என்றதும் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. யோனி வழியாக வைத்த வலைகள் சுவரை அரித்து வெளியே வருவதும் தீராத வலி தருவதுமாகப் புகார்கள் குவிந்து, 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இறக்கத்துக்கான அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைப்பது அந்தத் தடையில் அடங்காது. உங்களுக்கு எது என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு டாக்டரைப் பார்க்கும்போது அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

இளவயதில் இறக்கம் வந்து, இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகள் உள்ளன. அவற்றில் ஷிரோத்கர், புரந்தரே, கன்னா ஆகியோரின் பெயர் தாங்கிய மூன்றும் இந்திய மருத்துவர்கள் வகுத்தவை. கருத்தரித்தவர்களுக்குக் கர்ப்பவாயில் போடும் ஷிரோத்கர் தையலும் அதே ஷிரோத்கருடையதுதான்.

இரண்டாவது கேள்வி: "இறக்கத்தை உள்ளே தள்ளிவைத்து இருமச் சொல்லிப் பார்த்தீர்களா?" பிதுங்கிய சிறுநீர்ப்பை சிறுநீர்க் குழாயை மடக்கி, சிறுநீர்க் கசிவை மறைத்துக்கொண்டிருக்கலாம். தைத்து நிமிர்த்தியதும் இருமினால் தும்மினால் ஒழுகத் தொடங்கும். ஆபரேஷன் கெட்டுவிட்டதாக நினைத்து அழுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். முன்பே தெரிந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டமிடலாம்.

முதல் வாரம்

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுச் செய்வார்கள். யோனிக்குள் நீளமான காஸ் துணி திணித்திருக்கும். மறுநாள் அதை உருவும்போது சில நொடி அருவருப்பாக இருக்கும், அவ்வளவே. சிறுநீர் டியூபை ஒன்றிரண்டு நாளில் எடுப்பார்கள். எடுத்த பிறகு எவ்வளவு போனது, உள்ளே எவ்வளவு தங்கியது என்று ஸ்கேனில் அளப்பார்கள். தங்கியது 150 மில்லிக்கு மேல் என்றால் பல இடங்களில் டியூபைத் திரும்பப் போட்டு, ஒரு வாரம் அதோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். உள்ளே வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும், பதற வேண்டியதில்லை. டியூப் இல்லாதவர்கள் ஒருமுறை போனபின் எழுந்து நின்று இடுப்பை அசைத்து, மறுபடி உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முயலுங்கள். மிச்சம் இறங்கும். முக்கக்கூடாது.

வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாமல், முதல் மூன்று நான்கு நாள் எழுதிக்கொடுத்த மணிக்கு மணி போடுவது நல்லது. சேக்ரோஸ்பைனஸ் கட்டு போட்டவர்களுக்கு ஒரு பக்கப் புட்டத்தில் ஆழமாகக் குத்தும் வலி இருக்கும். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் தணியும். காலில் இறங்கி மரத்துப்போனால் மட்டும் உடனே சொல்லவேண்டும். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

மலச்சிக்கல்

இதற்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம். தையலுக்கு மிகப்பெரிய எதிரி குடமோ சிலிண்டரோ வருவதற்கு முன்பே கழிப்பறையில் காத்திருக்கிறது. டிரமடால் போன்ற வலி மருந்துகள் குடலை உறங்கவைக்கும். படுத்தே கிடப்பதும் அப்படியே. இதோடு நம் வீட்டுப் பத்தியமும் சேரும்: "பருப்பு போட்டா சீழ் பிடிக்கும்", "காய் வேண்டாம்", "தண்ணி அதிகம் குடிச்சா தையல் ஆறாது" என்று வெறும் ரசம் சாதமும் பிரெட்டும். இதில் எதற்கும் ஆதாரம் கிடையாது. காயம் ஆறப் புரதம் வேண்டும், குடல் நகர நாரும் நீரும் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, கொய்யா எல்லாம் சாப்பிடலாம். இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் நீர் குடிக்கலாம்.

மலமிளக்கி மருந்தை மோஷன் கெட்டியான பிறகு தொடங்கினால் தாமதம். ஆபரேஷன் ஆன அன்று இரவோ மறுநாளோ லாக்டுலோஸ் 15 முதல் 30 மில்லி தொடங்கி, பேஸ்ட் பதத்தில் வரும்படி கூட்டிக் குறைத்துக்கொள்வது வழக்கம். வயிறு உப்பினால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இசப்கோல் போடுபவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். நீர் இல்லாமல் போட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் மோஷன் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். தையல் பிய்ந்துவிடுமோ என்று பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும். உந்துதல் வந்தவுடன் போய்விடுங்கள்.

உட்காரும் விதம்: வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு சாண் உயர முக்காலி வைத்து, முட்டி இடுப்பைவிட மேலே இருக்கும்படி உட்கார வேண்டும். முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து, வயிற்றைத் தளர விட்டு, மெழுகுவர்த்தியை ஊதுவது போல் வாயால் மெல்ல மூச்சை விடுங்கள். சுத்தமான பேடை மடித்து முன்பக்கத் தையல்மேல் கையால் தாங்கிக்கொண்டால் பயம் பாதியாகும். பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிட்டுப் பிறகு வாருங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் ஓட்டை போட்ட கமோடு நாற்காலியை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். குந்தும் நிலை மலம் இறங்க நல்லதுதான். ஆறாத தையலோடு அங்கிருந்து எழுவதுதான் சிரமம். ஆறு வாரத்துக்கு நாற்காலியே இருக்கட்டும்.

வயிற்றை இறுக்கித் துணி கட்டுவதும் பெல்ட் போடுவதும் இந்த ஆபரேஷனுக்குப் பொருந்தாது. பற்பசைக் குழாயை நடுவில் அழுத்தினால் எங்கே போகும்? அதே அழுத்தம்தான் கீழே இறங்கும்.

தூக்குவது

வழக்கமாகச் சொல்லும் கணக்கு: முதல் ஆறு வாரம் ஒரு சின்னப் பாத்திரத் தண்ணீருக்கு மேல் வேண்டாம், பன்னிரண்டு வாரம் வரை ஐந்து கிலோவுக்குள். வீட்டுச் சாமான்களின் எடையை நாம் குறைத்தே நினைக்கிறோம். சமையல் கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் கிட்டத்தட்ட 30. தண்ணீர் கேன் 20 கிலோ. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 12, 15 கிலோ, அதுவும் இடுப்பில் ஒரு பக்கமாக. ஈரத்துணி வாளி, மாவு அரைத்த கிரைண்டர் கல், மூன்று வயதுப் பேரன், வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுவது என்று இவற்றில் ஒன்றும் பன்னிரண்டு வாரத்துக்குக் கிடையாது. குந்திக் கோலம் போடுவதும் தரை துடைப்பதும் அதே கணக்கில்.

கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பெண்களும் முதல் சில மாதத்தில் மோசமாகவில்லை என்று அண்மைக் கால ஆய்வுகள் சில சொல்கின்றன. சில டாக்டர்கள் அதன்படி இளக்கமாகவும் பேசுவார்கள். வீட்டுக்குள் நடமாடவும் மாடிப்படி ஏறவும் அந்தத் தைரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் பத்துக் குடம் சுமப்பது அந்தக் கணக்கில் வராது.

நடை மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் காப்பதே அதுதான். முதல் வாரம் ஐந்து, பத்து நிமிடம் பல தடவை. மெல்லக் கூட்டி ஆறாம் வாரத்தில் அரைமணி நேரம். மாலையில் கீழே பாரமாக இழுத்தால் அன்றைக்குப் போதும், படுத்துவிடுங்கள். இருமல், தும்மல் வரும்போது முதலில் அடித்தசையை இறுக்கிவிட்டு இருமும் பழக்கம் நிரந்தரமாக வேண்டும். முழுப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பிறகு என்பார்கள்.

கசிவும் நூலும்

மாதவிலக்குக் கடைசி நாள் போன்ற ரத்தக்கசிவு சில வாரம் இருக்கும். சிவப்பு, பழுப்பு, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டு மூன்று வாரம் ஆனதும் நூல் கரையத் தொடங்கிக் கசிவு கொஞ்சம் கூடலாம், பேடில் நூல்துண்டு விழலாம். அதை இழுக்காதீர்கள். பேட் மட்டும்தான், உள்ளே எதையும் வைக்கக்கூடாது. உள்ளே டெட்டால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். வெளியே வெறும் நீர், முன்னிருந்து பின்னாக, பிறகு ஒற்றித் துடைத்தால் போதும். ஆறு, குளம், கடல் குளியல் ஆறு வாரத்துக்கு இல்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால், நாற்றமடித்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆறாம் வாரம்

இந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தையல் ஆறியதைப் பார்த்த பிறகே தாம்பத்தியம். அதுவரை கணவரிடம் டாக்டரையே நேரில் சொல்லச் சொல்வதில் தவறில்லை. தொடங்கும்போது தண்ணீர்த் தன்மையுள்ள ஜெல் வைத்து, அவசரமில்லாமல். பின்சுவரை இறுக்கித் தைத்தவர்களுக்கு வாசல் குறுகலாகத் தோன்றும். பெரும்பாலோருக்கு மெல்ல இளகும். மூன்று மாதம் கழித்தும் வலித்தால் சகித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் உண்டு. மாதவிடாய் நின்றவர்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தேவையா என்றும் கேளுங்கள். வறட்சிக்கும் எரிச்சலுக்கும் உதவும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலில் சொல்லவேண்டும்.

மறுபடி இறங்குமா? 1997ல் அமெரிக்காவிலிருந்து வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில், இறக்கத்துக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 29 சதவீதம் பேருக்கு அது மறு ஆபரேஷன். அதிகம் தளர்வது முன்சுவர்தான். முதல் வாரங்களில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு வீக்கமாகவோ தையல் முடிச்சாகவோ இருக்கலாம்; கண்ணாடி வைத்து தினமும் பார்த்துக் கலங்க வேண்டாம், ஆறாம் வாரத்தில் கேட்டால் போதும். மாலைப் பாரம் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். சிறிய இறக்கத்துக்கு அப்போதும் ரிங் உண்டு, பயிற்சி உண்டு.